ஏன்னு கேட்டா என்ன சொல்வே?

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, அதான் ஒண்ணும் எழுத முடியலை. இன்னைக்கு எழுதப்போறது பாதி என் கதை, பாதி ஒரு பொண்ணோட கதை. பொண்ணுன்ன உடனே நிமிர்ந்து உக்காராதீங்க மக்களே. 17 வயசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, என்னை அண்ணான்னு கூப்பிடுறவ. :-)

நான் சனி ஞாயிறுல அப்பர் டூட்டிங் ரோடுல ஒரு தமிழ்க் கடையில வேலை பாக்குறேன். முருங்கைக்காய்ப் பெட்டி இறக்குறது, அரிசி மூட்டை அடுக்குறது, தேங்காய் உடைஞ்சிருந்தா ஓனர்கிட்ட திட்டு வாங்குறது, இதான் உத்தியோகம். பில் போடுற இடத்துல ஒரு அக்கா. யாழ்ப்பாணம். நான் விருதுநகர். முதல் ரெண்டு வாரம் அவங்க பேசுறது எனக்குப் பாதிதான் புரிஞ்சது. 'கதைக்கிறது'ன்னா பேசுறதுன்னு புரியவே ஒரு நாள் ஆச்சு. நான் பேசினா அவங்களுக்கு சினிமா பாக்கிற மாதிரி இருக்காம்.

2025 செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிட்டாங்க.

"தம்பி, எங்கட மூத்தவள் யூனிவர்சிட்டிக்கு ஃபோர்ம் போடுறாள். உதில என்னவோ ஸ்டேட்மென்ட் எழுதோணுமாம். நீங்கள் மாஸ்டர்ஸ் படிக்கிற பிள்ளைதானே, ஒருக்கா எழுதிக் குடுங்கோவன்."

'உதவி பண்ணுங்க'ன்னு இல்லை, 'எழுதிக் குடுங்கோ'. இந்த வார்த்தைதான் என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இந்த ஊர் விவரம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே எந்தக் காலேஜுக்குப் போறதா இருந்தாலும் யூகாஸ்னு ஒரே வாசல்தான். ஒரே ஃபார்ம், அஞ்சு சாய்ஸ். மருத்துவம்னா அந்த அஞ்சுல நாலுதான் போடலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுக்கும் ஒரே வருஷம் போட முடியாது. இந்த ரெண்டு இடத்துக்கும், மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி. மத்த படிப்புல பெரும்பாலானதுக்கு, 2026ல சேர்றவங்களுக்கு, ஜனவரி 14. இதுல வேடிக்கை என்னன்னா, ஃபார்ம் போடும்போது பரீட்சையே எழுதியிருக்க மாட்டாங்க. இந்தப் பையன் இவ்வளவு வாங்குவான்னு வாத்தியார் ஒரு கணிப்பு போட்டுக் கொடுப்பார். அதை நம்பி காலேஜ் இடம் கொடுக்கும். ஆகஸ்ட்ல ரிசல்ட் வந்து கணிப்பு பொய்யானா, மறுபடி முதல்லேர்ந்து ஓட்டம். நம்ம ஊர்ல ஒரு வாத்தியார்கிட்ட இந்த அதிகாரத்தைக் கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தேன். வேணாம், அது தனிக் கதை.

மார்க்கோட கூட ஒரு கட்டுரையும் உண்டு. முன்னெல்லாம் ஒரே நீளக் கட்டுரை, இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்து. 2026 சேர்க்கையிலேர்ந்து அதை மூணு கேள்வியா உடைச்சுட்டாங்க. ஏன் இந்தப் படிப்பு? இதுவரைக்கும் படிச்சது இதுக்கு எப்படி உன்னைத் தயார் பண்ணியிருக்கு? பள்ளிக்கு வெளியே என்ன செஞ்சே, அது எப்படிப் பயன்படும்? ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 350 எழுத்து. மொத்தம் அதே 4,000.

முதல் கேள்வியைப் பாத்ததும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிருச்சு.

2019. ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200க்கு கட்-ஆஃப். அந்த நம்பர் வந்த நாள்லேர்ந்து எனக்குப் பேரே கிடையாது, அந்த நம்பர்தான் பேர். 'உங்க பையன் எவ்வளவு?'ன்னுதான் கேப்பாங்க. கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறி அது ரெண்டாவது வருஷம். பிரவுசிங் சென்டர்ல அப்பா ஒரு பக்கம், அப்பாவோட ஃப்ரெண்டு ஒரு பக்கம், நடுவுல நான். ஃப்ரெண்டு கையில ஒரு லிஸ்ட். அவர் வாசிக்க வாசிக்க நான் க்ளிக் பண்ணினேன். ஈ.சி.ஈ. கிடைச்சது. ஏன் ஈ.சி.ஈ.? பெரியம்மா பையன் ஈ.சி.ஈ. அவ்வளவுதான் காரணம். மூணு மணி நேரத்துல அங்கே யாரும் என்னை 'ஏன்டா?'ன்னு கேக்கலை. நானும் கேட்டுக்கலை.

அப்புறம் ரெண்டு வருஷம் வேலை. அப்புறம் லண்டன் ஆசை. மாஸ்டர்ஸுக்கும் ஒரு ஸ்டேட்மென்ட் கேட்டாங்க. ஒரு கன்சல்டன்சில காசு கட்டினேன். அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. சின்ன வயசுல தாத்தாவோட ரேடியோவைப் பிரிச்சுப் பாத்ததுலேர்ந்து எனக்கு எலக்ட்ரானிக்ஸ் மேல தீராத காதல்னு முதல் வரி. எங்க தாத்தாகிட்ட ரேடியோவே கிடையாது. டீக்கடையில போய்க் கேட்டுட்டு வருவார். இங்கே வந்து ஆறு மாசம் கழிச்சு, அதே கன்சல்டன்சி வழியா வந்த இன்னொருத்தனோட பேசினேன். அவன் தாத்தாவும் ரேடியோ வெச்சிருந்தாராம்.

சிரிக்காதீங்க. இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 2007ல யூகாஸ் ஒரு சோதனை பண்ணிச்சு. 50,000 பேரோட கட்டுரையைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டாங்க. அதுல 234 பேர், எட்டு வயசுல கெமிஸ்ட்ரி செட்டை வெச்சு விளையாடி பைஜாமாவுல ஓட்டை போட்டதுலேர்ந்துதான் அறிவியல் ஆர்வம் வந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க. 234 பைஜாமா! நெட்ல கிடைச்ச ஒரு மாதிரிக் கட்டுரையிலேர்ந்து எடுத்தது. இப்ப எல்லாக் கட்டுரையையும் இப்படி ஒப்பிட்டுத்தான் பாக்குறாங்க.

அதனால அக்காகிட்ட, "எழுதிக் குடுக்க மாட்டேன்க்கா, கூட உக்காந்து பாக்குறேன்"னு சொன்னேன். அக்கா முகம் சுருங்கிருச்சு. இவன் பிகு பண்றான்னு நெனச்சிருப்பாங்க.

அடுத்த வாரம் மிச்சம் ரோடு லைப்ரரியில அவளைப் பாத்தேன். கையில ஒரு டிராஃப்ட். சின்ன வயசுலேர்ந்து மனித குலத்துக்குச் சேவை செய்யணும்னு ஆசை, அதனால மருத்துவம். ரேடியோ, பைஜாமா, மனித குலம். எல்லாம் ஒரே குடும்பம்.

"நீ டாக்டர் ஆகணும்னு நெனைக்கிறியா?"

"அம்மா நெனைக்கிறா."

அக்காவைக் குத்தம் சொல்ல முடியாது. டூட்டிங்ல இருந்துக்கிட்டு மருத்துவத்தை நெனைக்காம இருக்கிறது கஷ்டம். செயின்ட் ஜார்ஜஸ் ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜும் இங்கேதான் இருக்கு. அம்மை ஊசி கண்டுபிடிச்ச ஜென்னர் படிச்ச காலேஜ். அப்ப அது ஹைட் பார்க் கார்னர்ல இருந்தது. அவருக்குப் பாலம்மை கொடுத்த பசுவோட தோலைக்கூட லைப்ரரியில மாட்டி வெச்சிருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல சிட்டி யூனிவர்சிட்டியோட சேந்து 'சிட்டி செயின்ட் ஜார்ஜஸ்' ஆயிருச்சு. கடையிலேர்ந்து நடந்தே போயிடலாம். மக வெள்ளைக் கோட்டு போட்டு அந்த வாசல்ல போறதை அக்கா எத்தனை தடவை மனசுக்குள்ள பாத்திருப்பாங்க!

ஆனா இவ மருத்துவத்துக்கான யூகேட் பரீட்சையே எழுதலை. வீட்டுலயும் சொல்லலை. கடைசித் தேதி போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா.

"சரி, உனக்கு என்ன வேணும்?"

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னா. பேச்சு சிகிச்சை. ஸ்பீச் தெரபி.

அவளுக்கு ஒரு தம்பி. மூணு வயசு வரைக்கும் பேச்சு வரலை. அப்ப யாரோ ஒருத்தர் அக்காகிட்ட, வீட்டுல ரெண்டு மொழி இருக்கிறதாலதான் பிள்ளை குழம்புது, இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. அக்காவுக்கு அப்ப இங்கிலீஷ் அவ்வளவா வராது. சொன்ன சொல்லை மீறவும் பயம். என்ன பண்ணினாங்க தெரியுமா? பிள்ளைகிட்ட பேசுறதையே குறைச்சுட்டாங்க. 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்'. அவ்வளவுதான். தாலாட்டு கிடையாது, கதை கிடையாது. கிட்டத்தட்ட ஒரு வருஷம். அப்புறம் வந்த ஒரு தெரபிஸ்ட், பதறிப்போய், "உங்க பாஷையிலேயே பேசுங்க, நிறைய பேசுங்க"ன்னு சொன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரி அம்மா தம்பியை மடியில போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் விடாம பேசினதை இவ கதவு ஓரத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

ரெண்டு மொழி பேசுறதால குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வராது. வீட்டு மொழியை விடக்கூடாதுன்னுதான் இந்த ஊர் பேச்சு சிகிச்சையாளர் சங்கமே சொல்லுது. இது எனக்கு அவ சொல்லித்தான் தெரியும்.

"இதை எழுதேன்!"

"ஏலாது அண்ணா. அம்மா வாசிச்சா, தன்னாலதான் தம்பிக்குப் பேச்சு பிந்தினது எண்டு நெனைப்பா."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அப்ப வேற விஷயமாப் பேசலாம்னு கல்விக்கடன் பக்கத்தை எடுத்தேன். அங்கேதான் பெரிய கல்லு. 2025-26ல உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வருஷ ஃபீஸ் 9,535 பவுண்ட். அதை அரசாங்கக் கடன் கட்டிடும். வேலை கிடைச்சு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினப்புறம், தாண்டின தொகையில நூத்துக்கு 9 பிடிப்பாங்க. ஆனா உள்ளூர்ப் பிள்ளைன்னா யாரு? இவங்க குடும்பம் 2016ல வந்தது. கேஸ் இழுத்து இழுத்து, விசா கையில வந்தது 2023 நவம்பர். அதுவும் நிரந்தரம் இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

முன்னாடி இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கடனே கிடையாது. ஜாம்பியாவுலேர்ந்து ஆறு வயசுல வந்த டிகேரேங்கிற பொண்ணு கோர்ட்டுக்குப் போனா. 2015 ஜூலை 29ல உச்ச நீதிமன்றம் மூணுக்கு ரெண்டுன்னு அவ பக்கம் தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் வந்த விதி இது: 18 வயசு ஆகியிருந்தா, வாழ்நாள்ல பாதியாவது இல்லை 20 வருஷமாவது இங்கே இருந்திருக்கணும். கூடவே, கல்வி ஆண்டு தொடங்குறதுக்கு முன்னாடி மூணு வருஷம் முறையான விசாவோட இருந்திருக்கணும். கேஸ் நடந்த காலம் இதுல சேராது.

விரல் விட்டு எண்ணினேன். 2023 நவம்பர்லேர்ந்து 2026 செப்டம்பர் 1. ரெண்டு வருஷம் பத்து மாசம்.

மறுபடி எண்ணினேன். அவளும் எண்ணினா. ரெண்டு மாசம் குறையுது.

கடன் இல்லைன்னா சொந்தக் காசு. அதுவும் வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் கேப்பாங்க, பல இடத்துல ரெண்டு மடங்குக்கு மேல. அதைக் கட்டுறவன் நான், எனக்குத் தெரியும் அந்த வலி. முருங்கைக்காய் வித்து அதைக் கட்ட முடியாது. அவ அழலை. பேனாவை மூடி பையில வெச்சுட்டு, "அப்ப சரி அண்ணா"ன்னா. அந்த 'அப்ப சரி'தான் எனக்குத் தாங்கலை.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டு ஓனர் அங்கிள்கிட்ட புலம்பினேன். அவர் மேல் மாடியில ஒரு ரூம்லதான் நான் இருக்கேன். 73 வயசு. அவர் பதிலே சொல்லாம டீ போட்டார். அப்புறம்தான் ஆரம்பிச்சார்.

"தம்பி, எனக்கு ஏழு மார்க் குறைஞ்சது."

1971ல இலங்கையில பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. பேராதனையில மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் சிங்கள மொழியில எழுதினவங்களுக்கு 400க்கு 229 போதும். தமிழ்ல எழுதினவங்களுக்கு 250. பொறியியலுக்கு 227, 250. அங்கிள் எடுத்தது 243. அடுத்த சில வருஷத்துல மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அவர் 1974ல லண்டனுக்கு அக்கவுண்டன்சி படிக்கன்னு வந்தார். பெட்ரோல் ஷெட்ல ராத்திரி வேலை. படிப்பு பாதியில நின்னது. கடைசியில அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன்ல 28 வருஷம்.

நான் வந்ததுலேர்ந்து அவர்கிட்ட, 'எங்க ஊர்ல யாருமே ஏன்னு கேக்கலை, வெறும் மார்க்தான் பாத்தாங்க'ன்னு சலிச்சுக்கிட்டே இருப்பேன். அன்னைக்கு அவர் சொன்னார், "நாங்கள் கேட்டதே அதைத்தானே தம்பி. மார்க்கை மட்டும் பாருங்கோ எண்டு."

சட்டுனு வாயடைச்சுப் போச்சு. யோசிச்சா, என் அப்பாவுக்கு யாரையும் தெரியாது, எனக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. அந்த வெறும் 200க்கான நம்பர் இல்லைன்னா நான் இந்தப் பக்கம் வந்திருக்கவே முடியாது. நம்பர்ல நியாயம் இருக்கு. கேள்வியில வேற ஒரு நியாயம் இருக்கு. எது பெருசுன்னு இன்னும் எனக்குத் தீர்மானமாத் தெரியலை.

"ஏழு மார்க்கை நான் தேடி எடுக்கேலாது. ரெண்டு மாசம் வரும்தானே? பொறுக்கச் சொல்லும்"னார் அங்கிள்.

அட, ஆமால்ல! ரெண்டு மாசம் தானா வந்துடும். யூகாஸ் ஃபார்ம்லயே அடுத்த வருஷம் சேர்றேன்னு தள்ளிப்போட்டு விண்ணப்பிக்க இடம் இருக்கு. 2027 செப்டம்பர்னா எல்லாக் கணக்கும் சரியா வரும். ஆனா எல்லாப் படிப்பும் இதை ஏத்துக்காது, கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அவளே ஒவ்வொரு காலேஜுக்கா ஃபோன் போட்டா. ஒண்ணு ரெண்டு இடம் முடியாதுன்னாங்க. அஞ்சு சாய்ஸ் தேறிச்சு. முதல் சாய்ஸ் சிட்டி செயின்ட் ஜார்ஜஸ். அக்கா நெனச்ச அதே பேருதான், ஆனா பேச்சு சிகிச்சை நடக்கிறது இங்கே இல்லை, ஏஞ்சல் பக்கம். டூட்டிங் பிராட்வேல ஏறினா, பேங்க் வழியா போற ரயில்ல மாறாமலே போயிடலாம்.

அக்டோபர் 15 தாண்டினப்புறம் வீட்டுல விஷயம் வெடிச்சது. ரெண்டு வாரம் கடையில அக்கா என்கிட்ட பேசலை. பில் போடுற மெஷின் சத்தத்துலயே கோவம் தெரியும். நான் சமாதானத்துக்கு சாதிக் கான் கதையைச் சொன்னேன். 2005லேர்ந்து 2016 வரைக்கும் நம்ம டூட்டிங் எம்.பி., பஸ் டிரைவர் மகன். அவரும் பல் டாக்டர் ஆகலாம்னுதான் சயின்ஸ் எடுத்தாராம். நீ இவ்வளவு வாதாடுறியே, சட்டம் படின்னு ஒரு வாத்தியார் திருப்பி விட்டார். அக்கா, "அவர் மேயர். இவள் என்னண்டு?"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. பேச்சு சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியிலேயே வேலை உண்டு, கடன் கிடைக்கிற தகுதி இருந்தா படிக்கும்போதே வருஷம் 5,000 பவுண்ட், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை உண்டுன்னு மக சொன்னப்புறம்தான் மெஷின் சத்தம் கொஞ்சம் குறைஞ்சது.

டிசம்பர்ல அவ கட்டுரையை முடிச்சா. நான் ஒரு வார்த்தை எழுதலை, சத்தியமா. ரெண்டு கமா மட்டும் போட்டேன், அதுலயும் ஒண்ணு தப்பு. முதல் கேள்விக்குத் தம்பி கதையைத்தான் எழுதியிருந்தா. அங்கிள்கிட்ட காட்டினோம். ரெண்டு தடவை படிச்சார். "என்னட்ட அப்ப ஏன் டொக்டர் எண்டு கேட்டிருந்தா, சீதனம் கூட வரும் எண்டுதான் எழுதியிருப்பன்"னு சொல்லிட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

அனுப்புறதுக்கு முந்தின சனிக்கிழமை அவ கடைக்கு வந்தா. பேப்பரை என் கையில குடுத்து, "அண்ணா, நீங்கள் அம்மாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்கோ. எனக்கு ஏலாது"ன்னா. சொல்லிட்டு அரிசி மூட்டைப் பக்கம் போய் நின்னுக்கிட்டா.

நான் பில் மேசை ஓரமா நின்னு, ஒவ்வொரு வரியா, எனக்குத் தெரிஞ்ச விருதுநகர் தமிழ்ல சொன்னேன். 'கம், ஈட், ஸ்லீப்' இடம் வந்தப்போ அக்கா பில் மெஷினையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் பேசின இடம் வந்தது. அதுக்கு அடுத்த வரியில அவ எழுதியிருந்தது: தம்பியோட முதல் தெரபிஸ்ட் எங்க அம்மாதான்.

அக்கா ஒண்ணும் சொல்லலை. ஒரு ஆள் முருங்கைக்காயும் தேங்காயும் கொண்டு வந்து வெச்சார். பில் போட்டாங்க, மிச்சம் குடுத்தாங்க. அவர் போனப்புறம் மகளைப் பாக்காமலே கேட்டாங்க:

"கதவுக்குப் பின்னால நிண்டு எல்லாத்தையும் கேட்டனியோடி?"

"ஓம்."

"சாப்பிட்டியா?"

"இல்லை."

"போ, போய்ச் சாப்பிடு. தம்பியையும் கூட்டிக்கொண்டு போ."

அன்னைக்கு ராத்திரியே ஃபார்ம் போயிருச்சு. இடம் கிடைக்குதா இல்லையான்னு கடிதம் வந்தப்புறம்தான் தெரியும். நேர்காணல் எல்லாம் பாக்கி இருக்கு. நடுவுல இருக்கிற வருஷத்துக்கு வேலை தேட ஆரம்பிச்சிருக்கா. எனக்கு வேற ஒரு வேலை பாக்கி. இந்தப் படிப்பு முடியுறதுக்குள்ள, அந்த ரேடியோவை எடுத்துட்டு, ஏன் இங்கே வந்தேன்னு எனக்கு நானே ஒரு 350 எழுத்தாவது எழுதிப் பாக்கணும். ரெண்டு தடவை உக்காந்துட்டேன். முதல் வரியே இன்னும் வரலை.

டிஸ்கி: அவகிட்டயும் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன். 'என்ர பேரைப் போடாதையுங்கோ, முருங்கைக்காய் நல்ல ஃப்ரெஷ் எண்டு மட்டும் போடுங்கோ'ன்னு அக்கா உத்தரவு. முருங்கைக்காய் நல்ல ஃப்ரெஷ். :-)